கடைசியில் சேர்த்த பதினோரு வரி

அந்த மருத்துவமனையில் யார் உண்டு, யார் இல்லை என்று அறிந்த இயந்திரம் ஒன்று நிலவறையில் இருந்தது. வாசலில் கார்டைக் காட்டினால் கதவு திறப்பதும், கம்ப்யூட்டரில் கடவுச்சொல் செல்லுபடியாவதும், தொலைபேசியில் கேட்பவருக்கு உள் எண் கிடைப்பதும் அதைக் கேட்டுத்தான். டைரக்டரி சர்வர் என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்பவனுக்குப் ‘பேரேடு’ என்று பட்டப்பெயர். நாலாயிரத்துச் சொச்சம் பேருடைய பெயரை வைத்திருப்பவனை ஒருத்தரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று அவன் அக்கா கேலி செய்வாள்.

அக்கா அவனைவிட ஏழு வயது மூத்தவள். அதே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், விசாரணைத் தொலைபேசிப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை. கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். காலையில் இருவரும் ஒரே பேருந்தில் வருவார்கள். வழி நெடுகப் பேச்சு அவளுடையது. அவனுக்கு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

அவனைத் திறமைசாலி என்று சொல்ல முடியாது. கவனமானவன்; இரண்டும் ஒன்றல்ல. ஓரிருவர் வேலைக்குச் சேர்ந்தாலோ விலகினாலோ, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டளையில் சேர்ப்பான் அல்லது எடுப்பான். மொத்தமாக மாற்றும்போது வழி வேறு. சர்வரை நிறுத்திவிட்டு, பணியாளர் அலுவலகம் அனுப்பிய கோப்பின் பெயரைக் கருப்புத் திரையில் ஒரே வரியில் தட்டுவான். பழைய தரவுத்தளம் முழுக்கத் துடைக்கப்பட்டு, கோப்பில் உள்ளவர்களைக் கொண்டு புதிதாக நிரம்பும். கோப்பில் இல்லாதவரை அது நீக்குவதுகூட இல்லை; அவர் ஒருநாளும் இருந்ததில்லை என்று ஆகிவிடும். இதைப் பற்றி அவன் நிறைய யோசித்திருக்கிறான். யோசித்து, பட்டியலில் இருப்பதுதான் இருப்பது என்ற முடிவுக்கு வந்திருந்தான். ஒரே வேலையை இருபது வருடம் செய்கிறவர்கள் இப்படி எதையாவது நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

அந்த முறை கோப்பு ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. ஏற்றும் முன் பழைய பட்டியலைப் பிரதியெடுத்துப் புதியதோடு ஒப்பிடுவது அவன் வழக்கம். அதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அறுபத்திரண்டு பேர் குறைந்தார்கள். விசாரணைத் தொலைபேசிப் பிரிவு என்ற பிரிவே இல்லை. பழைய ஆவணப் பிரிவும் இல்லை. அக்காவும் இல்லை.

பணியாளர் அதிகாரிக்குப் போன் செய்தான். பிரிவுகளை மூடிவிட்டார்கள், திங்கட்கிழமை காலையில் தாங்களே சொல்லிக்கொள்கிறோம், அதுவரை மூச்சு விடக்கூடாது என்று அந்த அம்மாள் சொன்னார். சரி மேடம் என்றான்.

அக்காவிடம் சொன்னால் மூன்றாம் மாடி முழுக்கத் தெரிந்துவிடும். அது உண்மைதான். ஆனால் சொல்லாமலே காப்பாற்ற ஒரு வழி தன் கையில் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியதும் உண்மை. பழைய பட்டியலில் அவளுக்குரிய பதினோரு வரிகளை எடுத்துப் புதுக் கோப்பின் கடைசியில் ஒட்டினான். சோதனையாக ஏற்றிப் பார்த்தபோது சர்வர் அந்தப் பதிவை மட்டும் தள்ளிவிட்டது. பிரிவு இல்லாமல் அதன் கீழே ஆளை எங்கே வைப்பது? அவள் பிரிவை வெளிநோயாளர் அலுவலகம் என்று மாற்றினான். இந்தத் தடவை எல்லாம் ஏறியது. நிராகரிக்கப்பட்டவை சுழியம் என்று திரை சொன்னது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை வாசலில் கூட்டம். மூடிய பிரிவுகளிலிருந்து கார்டைக் காட்டியவர்களுக்கெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்காவுக்குப் பச்சை. மேலே போனவள், ஆறு நாற்காலி உள்ள அறையில் தனியாக உட்கார்ந்து, கூட வேலை பார்த்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். பிறகு நிலவறைக்குப் போன் செய்தாள்.

“என்னடா இது, ஒருத்தி பேரும் வரல. என் பேரு மட்டும் வருது, அதுவும் வெளிநோயாளர் அலுவலகம்னு. என்ன கூத்து?”

“அப்படி மாத்தியிருப்பாங்க.”

“நான் கீழ போய் அவங்களோட நிக்கட்டுமா?”

“வேண்டாம்க்கா. உன் பேரு இருக்கு. பேரு இருக்கிறவங்க போய் நின்னா, அப்புறம் அதையும் எடுத்துடுவாங்க.”

தம்பி இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அதனாலேயே நம்பினாள்.

வெளிநோயாளர் அலுவலகத்தில் அவளை அனுப்பச் சொல்லி யாரும் கேட்டிருக்கவில்லை. கம்ப்யூட்டர் சொன்னதால் திருப்பி அனுப்பவும் இல்லை. ஒரு முக்காலியைப் போட்டு, சீட்டுகளை அடுக்கச் சொன்னார்கள். வெளியே மற்றவர்கள் மூன்று நாள் நின்றார்கள். அவள் கார்டைக் காட்டி உள்ளே போகும்போது ‘உள்ளாள்’ என்று ஒரு குரல் வந்தது. யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஒரு போன். அக்காவின் பக்கத்து நாற்காலியில் பத்தொன்பது வருடம் இருந்தவள். அக்காவுக்கே பேச இடம் கொடுக்காத வாய் என்பதால் ‘ரயில் வண்டி’ என்று பேர் வாங்கியவள். நிர்வாகம் இறங்கி வந்துவிட்டதாம். நாளை ஐந்து மணிக்குள் வாசலில் கையெழுத்துப் போடுகிறவர்களை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புதுக் கட்டடத்தில் எடுத்துக்கொள்கிறார்களாம். நீயும் வந்து போட்டுவிட்டுப் போ, உள்ளே இருந்தால் என்ன, கை வலிக்குமா என்றாள். அக்கா போனைக் கையால் மூடிக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். இருக்கிற வேலையை யாராவது கையெழுத்துப் போட்டுக் கேட்பார்களா என்றான் அவன். அவள் போடவில்லை. அறுபத்தொரு பேர் போட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து, பணியாளர் அலுவலகத்தில் பதவிகளையும் பதிவுகளையும் ஒத்துப் பார்த்தார்கள். பதவியே இல்லாத ஒரு பதிவு இருந்தது. அதிகாரி அவனைக் கூப்பிட்டு, மெஷின் தப்பா என்று கேட்டார். அவன் ஆமாம் என்றான். அந்த ஆளையும் அக்கரைக்கு அனுப்ப முடியாதா என்று கேட்டான். அந்தப் பட்டியல் மூடியாகிவிட்டது என்றார். மறுபடி கேட்டான். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆள் உனக்கு யார் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து வெளியே வந்தான்.

ஒருவரை எடுக்கச் சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வரி போதும். அவன்தான் தட்டினான்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சனிக்கிழமை மதியத்திலிருந்து தொடங்கி, மெஷின் தப்பு என்று சொன்னது வரைக்கும் விடாமல் சொன்னான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டவள் வெகுநேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் அவங்களோட போய் நின்னிருப்பேன்டா. அவ்வளவுதானே?”

“உன்ன உள்ள வெச்சுட்டா போதும்னு நெனச்சேன்க்கா.”

“எனக்கும் சேர்த்து நீயே யோசிச்சுட்ட.”

அவள் குரலை உயர்த்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து பேருந்தில் தனியாகப் போனான். அவன் வேலைக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை. சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் வண்டி வீட்டுக்கு வந்தாள். அக்கரைக் கட்டடத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசிவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்த அவன் பக்கம் திரும்பினாள்.

“ஏன் தம்பி, இவ விஷயத்துல மெஷின் தப்பு பண்ணிடுச்சாமே, நெசந்தானா?”

அவன் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான்.

“மெஷின்தான்” என்றாள் அக்கா. “இவன் என்ன பண்ணுவான் பாவம். அத விடு. அங்க மாடிக்குப் போக லிஃப்ட் இருக்கா, ஏறித்தான் போகணுமா?”