கடைசியாக நின்றவருக்கு ஒரு பெட்டி

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் பொங்கல் கொண்டாடியது பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து கடல் தாண்டி இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு அன்றைக்குத்தான், அதுவும் மதியம் வரைதான், விடுப்பு. நானும் ஊர்க்காரிதான், ஈரோடு. மின்னணுப் பொறியியல் முடித்துவிட்டு, இந்தத் தொழிலாளர்களுக்கு உதவும் ஒரு சிறு குழுவில் ஓராண்டு சம்பளமில்லாமல் வேலை செய்ய வந்திருந்தேன். அன்று என் பொறுப்பில் இருந்தவை: ஒலிபெருக்கி, இரண்டு மைக், நிகழ்ச்சி நிரல், மின்சார அடுப்பு. மண்டபத்தில் தீ மூட்டக் கூடாது. பால் பொங்கி வழிந்ததும் அடுப்பு தானாக அணைந்துவிட்டது. அப்போதும் குலவை போட்டோம்.

கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடும் அண்ணன் ஒருவர், சில ஞாயிறுகளில் என்னிடம் கைப்பேசி பழுது பார்க்க வருவார். அவருடைய தங்கை மகளுக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவள் பிறப்பதற்கு முன்பே கப்பலேறிய அந்த ஒரே தாய்மாமன் இவர். ஒவ்வொரு தையிலும் தள்ளிப்போட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டாள். வெறும் காதைப் பார்த்து வகுப்பில் அவளை 'டேய்' என்று கூப்பிடுகிறார்களாம். இந்தத் தையில் அனுப்புவதாக முதலாளி சொல்லியிருந்தார். தங்கை கோயிலில் நாள் குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டாள். பாஸ்போர்ட் முதலாளியின் மேசை டிராயரில் இருந்தது.

அந்த முதலாளிதான் அன்றைய சாப்பாட்டுக்கு உபயம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் தயாரித்த நிரலில் அந்த விளையாட்டு இல்லை. தொகுத்து வழங்க சுபாங் ஜெயாவிலிருந்து வந்திருந்த அங்கிளுக்கு, உறியடி முடிந்ததும் திடீரென்று தோன்றியது.

"எல்லாரும் எழுந்து நில்லுங்க! போன பொங்கலுக்கு ஊருல இருந்தவங்க உட்காருங்கலா! கடைசியா நிக்கிற ஆளுக்கு பரிசு!"

முதல் சுற்றிலேயே உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

"அதுக்கு முந்தின பொங்கல்! அதுக்கும் முந்தினது!"

நாற்காலிகள் நிறைந்துகொண்டே வந்தன. நின்றவர்களைப் பார்த்து உட்கார்ந்தவர்கள் கத்தினார்கள். "அண்ணே, வீட்டுல உங்க மூஞ்சியே மறந்திருக்கும்!" "ஆதார் காட்டுனாத்தான் உள்ள விடுவாங்க!" கடைசியில் ஷா ஆலம் தொழிற்சாலைக்காரர் ஒருவரும் ரொட்டி அண்ணனும் நின்றார்கள். அண்ணன் முன்வரிசையைப் பார்த்துவிட்டு மெல்ல உட்காரப் போனார். பக்கத்திலிருந்தவர்கள் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினார்கள். "பொய் சொல்லாதீங்கண்ணே, நீங்கதான் வின்னர்!" தொழிற்சாலைக்காரர் உட்கார்ந்தார்.

பரிசு, சக்கரம் வைத்த ஒரு பெரிய சிவப்புப் பயணப்பெட்டி. பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. கொடுப்பதற்கு முதலாளியையே மேடைக்கு அழைத்தார்கள்.

"ஊருக்கு எப்ப கிளம்புறீங்க?" என்று அங்கிள் மைக்கை நீட்டினார்.

அண்ணன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "முதலாளி இந்தத் தை மாசம் அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு. தங்கச்சி புள்ளைக்கு காது குத்து."

எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். எனக்குப் புரிந்தது. முதலாளிக்கும் புரிந்தது.

"சொன்னேன், சொன்னேன்," என்று சிரித்தபடி அவர் மைக்கை வாங்கினார். "சவுண்டு கொஞ்சம் ஏத்தும்மா, பின்னால கேக்கல." ஏற்றினேன். "அடுத்து நோன்பு மாசம் வருது, கடையில ஆள் இல்லை. ஹரி ராயா பெருநாள் முடியட்டும், நானே ஏத்தி விடறேன். இத்தனை வருசம் இருந்துட்டான், இன்னும் கொஞ்ச நாள் இருக்க மாட்டானா? இவன் எங்க குடும்பம்லா!"

கைதட்டல் நெடுநேரம் நீண்டது. அங்கிள் படம் எடுத்து உடனே வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

பிறகு அண்ணன் பெட்டியோடு என் மேசைப் பக்கம் வந்து நின்றார். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது குற்றம், நாளைக்கே புகார் எழுதலாம் என்றேன்.

"தெரியும் தங்கச்சி. எழுதுனா பெர்மிட்டை கேன்சல் பண்ணிடுவாரு. அப்பவும் ஊருக்குப் போகலாம். என்ன, போலீஸ் வண்டியில ஏறி, லாக்கப்ல இருந்துட்டுப் போகணும்."

கைப்பேசி அடித்தது. தங்கை, வீடியோவில்.

"அண்ணே! பொட்டியெல்லாம் வாங்கிட்டியா! போட்டோ இங்க வந்துருச்சு, அம்மா அழுவுது பாரு!"

அவர் வாயைத் திறப்பதற்குள் சிறுமி கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "மாமா, வலிக்குமா?"

அவர் பெட்டியைப் பார்த்தார். "மாமா மடியில உட்கார்ந்தா வலிக்காது கண்ணு."

வாசலில் கடை லோரி ஹாரன் அடித்தது. முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். "டேய், சாயங்காலக் கூட்டம் வந்துடும், ஏறு. அந்த பேக்கை முன்னால வை. அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு நான் சென்னை போறேன், அளவு சரியா இருக்கும். வந்ததும் தந்துடறேன்."

அண்ணன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, தரையில் உருட்டாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அழைப்பைத் துண்டிக்கவில்லை. பைக்குள்ளிருந்து சிறுமி பேசிக்கொண்டே போனாள்.