லிட்டருக்கு நாலு மைல்

அந்த லாரியை என் முதலாளி ராணுவ ஏலத்தில் எடுத்தார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. காடு மேடு பார்க்காமல் ஏறும். பழைய எஞ்சினைக் கழற்றிப்போட்டு, காரைக்குடியிலேயே ஒரு பட்டறையில் டீசல் எஞ்சின் மாட்டினார். அறுபதுகளின் கடைசி அது. அவர் ரோடு காண்டிராக்டர். வறண்ட கண்மாய்களுக்குள் இறங்கிச் சரளை ஏற்றி வருவது டிரைவரான என் வேலை.

டீசலுக்குக் காசு கொடுக்கிறவருக்கு வண்டி லிட்டருக்கு எத்தனை மைல் ஓடும் என்று தெரிய வேண்டுமே. அதைப் பார்க்கவென்று தனியாக ஓட்ட மனசு வருமா? திருக்கோஷ்டியூர் பெருமாளுக்கு ஒரு வேண்டுதல் பாக்கியிருந்தது. பின்னால் ஜமுக்காளம் விரித்துக் குடும்பத்தை உட்காரவைத்து, தானும் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தார் ரோடு, பாரமில்லாத வண்டி, காலைக் குளிர்ச்சி. திரும்பி வந்ததும் டாங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். லிட்டருக்கு நாலு மைல். பெருமாளே சொல்லிவிட்ட மாதிரி அன்றிலிருந்து அதுதான் சட்டம்.

கண்மாய்க்குள் அந்தச் சட்டம் செல்லவில்லை. சரளையோடு கரையேற வண்டி முதல் கியரில் முக்கும். சக்கரம் மணலில் சும்மா சுற்றும். ஆட்கள் அள்ளிப்போட்டு முடிக்கிறவரை எஞ்சினையும் நிறுத்த முடியாது, நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. லிட்டருக்கு ஒரு மைல் கிடைத்தாலே பெரிது.

"ஒருநா கண்மாய்க்குள்ள கூட வந்து பாத்தீகன்னா தெரியும், முதலாளி" என்றேன்.

"கோயிலுக்குப் போகையில நாலு கொடுத்த வண்டி, கண்மாய்க்குள்ள மட்டும் குடிக்குதாக்கும்? வண்டி குடிக்குதா, நீ விக்கிறியா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முனியய்யா கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். நான் வேதக்காரன். மாதா கோயிலுக்கு வாருங்கள், அங்கே சத்தியம் செய்கிறேன் என்றேன்.

"உங்க சாமிகிட்ட என்னடா பயம்? திருடிட்டு உள்ள போயி ஒத்துக்கிட்டா, வெளிய வரையில மன்னிச்சு விட்டுர்றாரே" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்து வந்த டிரைவர், டீசலைத் தொட மாட்டேன் என்று கண் இமைக்காமல் சூடத்தை அணைத்தான். சில மாதம் கழித்து டீக்கடையில் அவனே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னான்: மைல் மீட்டர் கேபிளைக் கழற்றிக் கையால் சுற்றிவிடுவானாம். மைல் ஏறிவிட்டால் எவ்வளவு டீசல் ஊற்றினாலும் கணக்கு நேராகிவிடும். அந்தத் தெம்பில், கண்டனூர்ப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் இறைக்க ஆயில் எஞ்சின் வைத்திருக்கும் சம்சாரிகளுக்குக் கேன் கேனாக விற்றுக்கொண்டிருந்தான்.

அதற்குள் நான் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் டீசல் திருடன் என்ற பேர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் மானத்தை விட்டுப் பழைய முதலாளியின் ஷெட்டுக்குப் போனேன். கேபிள் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். "இப்ப வண்டி நாலு மைல் கொடுக்குது. நீ இருந்தப்பக் கொடுக்கல. இதுக்கு மேல என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு?" என்றார்.

திரும்பி நடந்தேன். வாசலைத் தாண்டுவதற்குள், பின்னால் அவர் வாட்ச்மேனிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அந்த ஆளு வெளிய போற வரைக்கும் அங்குட்டு டீசல் பேரல்கிட்டயே நில்லுய்யா."