மைக்கிலிருந்து ஒரு முழம்

“ஏம்மா, மெஷினை ஓட்ட வேற யாராச்சும் வருவாங்களா, இல்ல நீதானா?”

பாஸ்டரம்மா என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். தில்லைநகரில் நான் வேலை பார்த்த ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில், ஒரு கையில் உறை போட்ட மாண்டலினும் மறு கையில் சாப்பாட்டுப் பையுமாக நின்றபடி, என் தலைக்கு மேலாக உள்ளே யாரையோ தேடினார். “நான்தாங்க” என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பா, “எம் பொண்ணு பாட்டைப் புடிக்கிற வேலை பாக்குது” என்று கூட இருப்பவர்களிடம் சொல்லிக்கொள்வார். அந்த வேலையை நன்றாகச் செய்கிறேன் என்ற கர்வம் எனக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது.

காட்டூரில் ஒரு சின்னச் சபையை நடத்திய போதகரின் மனைவி அவர். போதகர் காலமான பிறகும் எல்லாருக்கும் பாஸ்டரம்மாதான். பாடகர் குழுவுக்கு மாண்டலின் வாசிப்பார், பாட்டு எழுதுவார், மற்றவர்களைப் பாட வைத்துவிட்டுப் பின்வரிசையில் நின்றுகொள்வார். துபாயில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி, அங்கே கூடத் தங்கியிருந்த ஒருவரிடம் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டார். அமெரிக்காவின் மலைக் கிராமங்களில் பிறந்த புளூகிராஸ் இசையையும், அந்த மெட்டுகளில் பாடப்படும் கிறிஸ்தவப் பாடல்களையும் அக்காவுக்கு போனில் அனுப்பிக்கொண்டே இருந்தார். மாண்டலின் முன்னால் ஓட மற்ற தந்திகள் பின்னால் துரத்தும் இசை அது. பாஸ்டரம்மா அந்த நடையில் தமிழில் எழுத ஆரம்பித்தார். “கொள்ளிடம் கரை மீறினாலும் என் கையை விடாதவரே” என்பது அவருடைய முதல் பாட்டின் முதல் வரி. இந்த முறை அவரே பாடி, அந்தப் பாடல்களை ஓர் ஆல்பமாக்கத்தான் அக்காவும் தம்பியும் வந்திருந்தார்கள். தம்பிக்கு மறுநாள் விமானம். கையில் இருந்தது அந்த ஒரு பகல் மட்டும்.

வழக்கமாக நாங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு சேர்ப்போம். அவர்கள் ஒரே மைக் போதும் என்றார்கள். புளூகிராஸ் இசைக்காரர்கள் செய்யும் முறை அது. எல்லாரும் ஒரு மைக்கைச் சுற்றி நிற்பார்கள். யாருடைய முறை வருகிறதோ அவர் நெருங்கி வருவார், முடிந்ததும் விலகி அடுத்தவருக்கு இடம் விடுவார். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கால்கள்தான். கேட்க எளிதாக இருந்தது. ஆனால் நின்றவர்கள் நம் ஊர்க்காரர்கள். வயலினுக்கு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நிறைய சபாக்களில் வாசித்தவர், புது இசை என்றதும் ஆசையாகக் கிளம்பி வந்தவர். அவரை முந்திக்கொண்டு மைக்கருகே போகப் பாஸ்டரம்மாவுக்குக் கூச்சம். பாட வேண்டிய பாஸ்டரம்மாவைத் தாண்டி நிற்கப் பெரியவருக்குச் சங்கடம்.

“அம்மா, நீங்க மொதல்ல வாங்கோ.”

“ஐயோ, நீங்க பெரியவங்க. நீங்க வாங்கய்யா.”

பாட்டு நடுவிலேயே கண்ணாலும் கையாலும் இது நடந்தது. கிடார் வாசிக்க வந்திருந்த ஒரு பேங்க்காரர் இருவருக்கும் வழிவிட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டார். தம்பிதான் பொறுமை இழந்தார். “அக்கா, பஸ் ஸ்டாண்டுல கூட இவ்ளோ மரியாதை நான் பாத்ததில்ல. யாராச்சும் ஏறுங்க, வண்டி கெளம்பட்டும்!”

மதியத்துக்குள் எல்லாப் பாட்டும் முடிந்துவிட்டது. சாப்பிடும் முன் ஒருமுறை போட்டுக் காட்டினேன். வயலின் இருந்தது, பாஞ்சோ இருந்தது, கிடார்கூட இருந்தது. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து பாடுவதுபோல் கேட்டார். தன் ஆல்பத்திலேயே அவர் மற்ற எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்தார். அதைவிட எனக்கு அதிர்ச்சி, அவர் தலையாட்டி ரசித்ததுதான். “நல்லா வந்துருக்கும்மா. போதும்” என்றார். பாதி காணாமல்போன அந்தப் பாட்டில் அவருக்கு எதுவும் குறையாகத் தெரியவில்லை.

போதாது என்றேன். அவருக்குச் சொன்னதைவிட எனக்கே சொல்லிக்கொண்டேன். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துக்கொண்டு கன்ட்ரோல் ரூமிலிருந்து இறங்கி வந்து, தரையில் ஆளுக்கொரு துண்டு ஒட்டினேன். வயலினுக்கு ஒன்று, பாஞ்சோவுக்கு ஒன்று, கிடாருக்கு ஒன்று. மைக்கிலிருந்து ஒரு முழத்தில் ஒட்டியதைப் பாஸ்டரம்மாவிடம் காட்டி, “இது உங்களுது. பாட்டு முடியுற வரைக்கும் கால் இதுலதான் இருக்கணும்” என்றேன். அவர் வயலின் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் சிரித்து, “கொழந்தை சொல்றா. கேட்டுடுங்கோ, நானும் கேட்டுக்கறேன்” என்றார்.

பாஸ்டரம்மா அந்தத் துண்டின்மேல் ஏறி நின்றார். அவர் கையில் மாண்டலின் தொடங்கியது. அவர் வாயைத் திறந்தார்.

அந்த நொடியை எப்படி எழுதுவதென்று இப்போதும் தெரியவில்லை. நான் ஹெட்போனைக் காதிலிருந்து சற்று விலக்கினேன், பிறகு இன்னும் இறுக்கிக்கொண்டேன். கரகரப்பும் இனிப்பும் கலந்த அப்படியொரு குரல் அந்தச் சின்ன உடம்பில் இருந்தது யாருக்குமே தெரிந்திருக்கவில்லை. கூடப் பிறந்த தம்பியே வாயைப் பிளந்துகொண்டு வாசித்தார். முதல் அடி முடிந்து வயலின் வர வேண்டிய இடம் வந்தது. வயலின் வரவில்லை. பெரியவர் வில்லைக் காற்றில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாண்டலினே முன்னால் ஓடி, அடுத்த அடியில் குரல் மறுபடி ஏறியது. நான் நிறுத்தவில்லை. மாலைக்குள் எல்லாப் பாட்டையும் மறுபடி பதிவு செய்துவிட்டோம்.

தம்பி துபாய் போய்ச் சேர்ந்த பிறகு, மாலைப் பதிவைப் பாஸ்டரம்மாவின் போனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

“இது நான் இல்லம்மா. ரொம்ப முன்னாடி வந்து நிக்குது. கொஞ்சம் குறைச்சிடு.”

“குறைக்க முடியாதும்மா. ஒரே மைக்கு. உங்களைக் குறைச்சா எல்லாருமே குறைஞ்சுருவாங்க.”

“அப்போ காலையில எடுத்ததையே போட்டுரு” என்று வைத்துவிட்டார். என் கையில் இரண்டு பதிவுகள் இருந்தன. எது வெளியே போகும் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் முதல் வரியோடு கேட்பதை நிறுத்திவிட்டாரென்று எனக்குச் சந்தேகம். காட்டூருக்குப் பஸ் ஏறினேன். அவர் வீட்டுச் சமையலறையில், அரிசி களைந்துகொண்டிருந்தவரின் காதில் ஹெட்போனை மாட்டி, “முழுசாக் கேளுங்க. அப்புறம் நீங்க சொல்றபடியே செய்றேன்” என்றேன். நின்றபடியே கேட்டார். முதல் அடி முடிந்ததும் நெற்றி சுருங்கியது.

“இங்க ஐயா ஏன் வாசிக்கல? தப்பாயிடுச்சா?”

“நீங்க பாடுனதைக் கேட்டு வில்லைப் போட மறந்துட்டாரும்மா.”

“அவரா?”

ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை சபா பார்த்த மனிதர் தன் குரலைக் கேட்டுக் கையை மறந்தார் என்பதை அந்த முகம் மெல்ல நம்பத் தொடங்கியதை நான் பார்த்தேன். பாட்டு முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை. பிறகு, “அந்த எடத்தை ஒண்ணும் சரி பண்ணிடாத. இதையே அனுப்பிடும்மா” என்றார்.

ஆல்பம் அப்படியே வெளிவந்தது. வயலின் வராத அந்த இடம் வரும்போதெல்லாம், எத்தனை முறை கேட்டாலும் கையில் இருக்கும் வேலையை விட்டுவிடுகிறேன். இத்தனை வருடம் ஒரு குரல் மரியாதைக்காகப் பின்வரிசையில் நின்றிருக்கிறது. நான் அன்று அந்தப் “போதும்” என்ற வார்த்தைக்குத் தலையாட்டியிருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும். அந்த நினைப்புதான் இன்னும் உலுக்குகிறது.

அந்தக் கூடத்து வேலையை விட்டுவிட்டு, திருவானைக்காவலில் சொந்தமாக ஓர் அறை எடுத்திருக்கிறேன். போன வாரம் பாஸ்டரம்மா கூப்பிட்டார். புதுப் பாட்டுகள் இருக்கின்றனவாம், தம்பியும் லீவில் வருகிறாராம். “மெஷினை ஓட்ட நீ இருக்கியாம்மா? வேற யாருன்னாலும் நான் வரல” என்றார். இன்னும் அறைக்குப் பெயர்ப்பலகை வரவில்லை, எதிரொலியைத் தடுக்கும் பஞ்சு சுவரில் பாதிக்குத்தான் அடித்திருக்கிறது. தரையில் டேப் மட்டும் ஒட்டியாயிற்று, மைக்கிலிருந்து ஒரு முழத்தில்.