தெளிக்காமல் பெருக்கிய தரை

எங்கள் கட்டடத்தில் ஒரு சின்ன மரப்பலகை இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வீட்டுக் கதவின் கைப்பிடியில் தொங்கும். எந்தக் கதவில் தொங்குகிறதோ அந்த வீட்டுக்காரர் அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும். கேர்வோகே என்று பெயர், அதாவது பெருக்கும் வாரம். தெற்கு ஜெர்மனியில் இந்தப் பக்கத்து வழக்கம். டாக்டரானாலும் சரி, லாரி ஓட்டுபவரானாலும் சரி, பலகை வந்துவிட்டால் துடைப்பத்தை எடுக்க வேண்டியதுதான். முதல் முறை என் கதவில் அது தொங்கியபோது, யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் என்று நினைத்துக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் தொங்கியது. மறுபடியும் வைத்தேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஃப்ராவ் கெல்லர் என்ற வயதான அம்மாள் கதவைத் தட்டி, பலகையை என் கையிலேயே திணித்துவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை துடைப்பத்தோடு படியில் இறங்கினேன். குனிந்தவன், என்ன நினைத்தேனோ, சமையலறைக்குத் திரும்பிப் போய் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தேன். ஒவ்வொரு படியாக விரலால் தெளித்துவிட்டுப் பெருக்கினேன். ஃப்ராவ் கெல்லர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று பார்த்தார். “இது உங்கள் மதச் சடங்கா?” என்று கேட்டார். என் அரைகுறை ஜெர்மனை வைத்துக்கொண்டு எதை விளக்குவது? ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் நான் பெருக்கும் சனிக்கிழமைகளில் அவர் ஏதோ பூஜை நடக்கும் இடத்தைக் கடப்பதுபோல் குரலைத் தாழ்த்தி, சுவரோரமாக ஒதுங்கிப் போகிறார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் தெளிப்பது சாமிக்காக இல்லை, என் அக்காவுக்காக.

அக்கா செல்வி என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் விடிந்ததும் கேட்கும் முதல் சத்தம் அவள் வாசல் தெளிக்கும் சத்தம்தான். தெளிக்காமல் வாசலில் துடைப்பத்தை வைத்தால் அவளுக்கு ஆகாது. ஒருநாள் நான் சோம்பல்பட்டு வெறுமனே பெருக்கியதற்கு, “புழுதி கெளம்பி அடுத்த வூட்டுக்குப் போவுது பாரு. அவங்க என்னா பாவம் பண்ணாங்க?” என்று துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அப்படிப்பட்டவள், எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு செராமிக் பட்டறைக்குப் போய்விடுவாள். மின்சாரப் பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கட்டைகள் செய்யும் இடம். காய்ந்த கட்டைகளின் ஓரத்துப் பிசிறைத் தகட்டால் சுரண்டுவது அவள் வேலை. சுரண்டச் சுரண்ட மாவுபோல் கொட்டும். சாயங்காலம் கிளம்பும் முன் அந்த ஷெட் முழுவதையும் அவள்தான் பெருக்குவாள். அங்கே மட்டும் தண்ணீர் தெளிக்க மாட்டாள். சூளைக்குப் போகாத பச்சைக் கட்டைகள் தரையிலேயே காய்ந்துகொண்டிருக்கும். ஒரு சொட்டு பட்டாலும் விரிசல் விடும் என்று முதலாளி தொண்டை கிழியக் கத்துவார். பெருக்கி முடிக்கும்போது கிளம்பிய தூசியில் ஷெட்டுக்குள் ஆள் இருப்பதே தெரியாது. புருவமும் தலைமயிரும் வெளுத்து அவள் வீடு வரும்போது, “கெழவி வந்துட்டா” என்று நான் கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள். அப்பா இல்லாத வீட்டில் அந்தச் சிரிப்பை வைத்துத்தான் நான் படித்தேன்.

படித்தது என்ன தெரியுமா? செராமிக் டிப்ளமோ. மண்ணும் சூளையும் மெருகும் பற்றிய படிப்பு. பாடப்புத்தகத்தில் தூசியைப் பற்றி ஒரே ஒரு பக்கம் இருந்தது. செராமிக் மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, வடு கட்டிவிடும், ஆகவே தரையை நனைக்காமல் பெருக்கக் கூடாது. அதை நான் வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து சத்தம் போட்டு மனப்பாடம் செய்தேன். இரண்டடி தள்ளி அக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பாடம் பரீட்சைக்கு, அக்கா வீட்டுக்கு. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. கேள்வி வந்தது. எழுதினேன். பாஸ் செய்தேன்.

இங்கே வந்து சேர்ந்த முதல் மாதம் நகராட்சியிலிருந்து ஒரு துண்டுப்பிரசுரம் தபாலில் வந்தது. உடம்புக்கும் பூமிக்கும் நல்ல பத்துப் பழக்கங்கள். கடைக்குத் துணிப்பை கொண்டுபோங்கள், துணியைக் கொடியில் காய வையுங்கள், தண்ணீரை வீணாக்காதீர்கள், காய்கறித் தோலைத் தனியாகப் போடுங்கள், பக்கத்தில் என்றால் நடந்து போங்கள் என்று படம் போட்டு. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாமே அக்கா செய்வது. மஞ்சள் பை இல்லாமல் அவள் மார்க்கெட்டுக்குப் போனதில்லை. அரிசி கழுவிய தண்ணீர் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகும், பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. பெண்ணாடம் பஸ்ஸுக்குக்கூட ஸ்டாண்டு வரைக்கும் நடந்துதான் போவாள். பத்துக்குப் பத்து வாங்கியிருப்பாள். அந்தத் தாளில் ஆறாவது, ஜன்னலைத் திறந்து நல்ல காற்றை உள்ளே விடுங்கள். அது வீட்டுக்குச் சரி. பத்து மணிநேரம் யாருடைய ஷெட்டிலோ நிற்பவள் எந்த ஜன்னலைத் திறப்பாள்? நல்ல பழக்கம் என்று நாம் எழுதி ஒட்டுவதெல்லாம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, முதலில் என் மேல்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையும் பீங்கான் சாமான் செய்யும் இடம்தான். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு படம்: துடைப்பம், அதன்மேல் குறுக்காகச் சிவப்புக் கோடு. தரையை நனைத்து உறிஞ்சும் வண்டி ஒன்று நாள் முழுதும் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிக் காட்டிய இளைஞன், “புரிகிறதா? காய்ந்தபடி பெருக்கக் கூடாது” என்றான். தெரியும் என்றேன். நன்றாகப் படித்தவன் என்று அவன் கட்டைவிரலை உயர்த்தினான். அதற்கு முன்பே அக்காவுக்கு இருமல் தொடங்கியிருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் டிபி என்று சொல்லி இரண்டு தடவை மாத்திரை கொடுத்திருந்தார்கள், கேட்கவில்லை. நான் அடம்பிடித்த பிறகுதான் அவள் மகள் கவிதா புதுச்சேரிக்கு அழைத்துப் போனாள். அங்கே டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க என்ன வேலைம்மா பாத்தீங்க?” என்று கேட்டாராம். அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. இது டிபி இல்லை, பட்டறைத் தூசி, போன நுரையீரல் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். இப்போது வாசல் தெளிப்பது கவிதா. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி, எங்கே தண்ணீர் படவில்லை என்று கையைக் காட்டுகிறாள்.

போன வாரம் பலகை மறுபடியும் என் கதவுக்கு வந்தது. போனைப் படியில் சாய்த்து வைத்து அக்காவை வீடியோவில் அழைத்தேன். இங்கே காலை, அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. நான் தெளிப்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அந்த மூலைல படல பாரு” என்றாள். தெளித்தேன். ஃப்ராவ் கெல்லர் வழக்கம்போல் ஓசைப்படாமல் ஒதுங்கி இறங்கிப் போனார். “யாரு அந்தம்மா? ஏன் திருடியாட்டம் போறாங்க?” என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அது அடங்க நெடுநேரம் ஆனது. கவிதா முதுகைத் தடவுவது தெரிந்தது. இத்தனை வருடம் தொண்டையில் வைத்திருந்ததை அதற்குமேல் என்னால் வைத்திருக்க முடியவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னேன்.

“அக்கா, எனக்கு இது அப்பவே தெரியும். புக்குல இருந்துச்சு. பரீட்சைல எழுதனேன். உன்கிட்ட சொல்லல.”

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

“சொல்லியிருந்தா மட்டும்? மொதலாளி தெளிக்க வுட்டிருப்பாரா? பச்சக் கட்ட எல்லாம் தரையிலதான கெடக்கும்.”

“கட்டைய பலகை மேல ஏத்தச் சொல்லியிருக்கலாம். வேற வேலைக்கு உன்ன அனுப்பியிருக்கலாம். நான் சொல்லலக்கா.”

“வுடு,” என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல் போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். “அந்தக் கேள்விக்கு எத்தினி மார்க்கு?”

“அஞ்சு.”

“அஞ்சும் போட்டாங்களா?”

“போட்டாங்க.”

“பரவால்லியே,” என்றாள். அவள் கண்ணில் பெருமை தெரிந்தது. உண்மையான பெருமை. அழாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஊரில் இதைப் படிப்பவர்களில் யாராவது ஒருவர் வீட்டில், வெளுத்த தலையோடு ஒருத்தி வேலையிலிருந்து திரும்பி வரலாம். கிண்டல் செய்யாதீர்கள். தரையை நனைத்துவிட்டுப் பெருக்கச் சொல்லுங்கள். விடமாட்டார்கள் என்று அவள் சொன்னாலும் சொல்லுங்கள். முடிந்தால் கூடப் போய் நின்று கேளுங்கள்.

அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சப் படிகளைப் பெருக்கி முடித்தேன். மறுநாள் சாயங்காலம் பலகையை எடுத்துப் போய் எதிர்வீட்டுக் கதவில் மாட்டினேன். இந்த ஊரில் என் முறை முடிந்துவிட்டது, இனி அடுத்த மாதம்தான் வரும். அந்த ஊரில் என் முறை ஒரே ஒரு தடவை வந்தது. அப்போது நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.