ஒன்பதாவது கட்டத்தில் ‘இல்லை’

வண்டி இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு வேண்டியது இரண்டே தகுதி: யார் வீட்டு டீயையும் தாங்கும் வயிறு, எதைப் பார்த்தாலும் பார்க்காத கண். என்னைப் போல் பை நிறைய விண்ணப்பங்களோடு அலையும் சக ஏஜென்ட்டுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

விண்ணப்பத்தில் ஒன்பதாவதாக ஒரு கட்டம் உண்டு: ‘வண்டியில் மாற்றங்கள் ஏதும் செய்யப்பட்டுள்ளனவா?’ கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. அதில் ஏறி இறங்கும் வண்டியை யாரும் கம்பெனி கொடுத்தபடியே வைத்திருப்பதில்லை. ஷோரூமிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போய், அப்புறம்தான் வீட்டுக்கு வரும். ஆனாலும் என் விண்ணப்பங்களில் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றுதான் இருக்கும். நிரப்புவது நான், கையெழுத்து மட்டும் அவர்கள். ‘ஆமாம்’ என்று எழுதினால் பிரீமியம் ஏறும். ஏறினால் ஆள் அடுத்த ஏஜென்ட்டிடம் போய்விடுவார்.

மாற்றாத ஜீப்

வாசலூர்பட்டி படகுத்துறைக்குச் சுற்றுலா ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்காரர் மணி. பின்னால் இரண்டு பெஞ்சு, மேலே கேரியர், முன்னால் கல்யாண மண்டபம்போல் விளக்குகள், லாரிக்குரிய ஹாரன். ஒரு சம்பிரதாயத்துக்காக, “ஏதாவது மாத்தியிருக்கீங்களா?” என்று கேட்டேன். “ஒண்ணுமே மாத்தலீங்க” என்றார். நான் பெஞ்சைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கொஞ்சம்கூட முகம் மாறாமல் சொன்னார்:

“இந்த மலையில எல்லா ஜீப்பும் இப்படித்தானுங்க இருக்குது. பெஞ்சு இல்லாம ஒரு ஜீப்பு வந்துச்சுன்னா, அதைத்தானுங்க யாரோ மாத்திப்புட்டாங்க.”

உண்மை சொன்ன ஒரே ஆள்

காளப்பநாயக்கன்பட்டியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார் ரஹமத்துல்லா பாய். காரில் கேஸ் கிட் மாட்டியிருந்தார். நான் வழக்கம்போல் ‘இ’ போட ஆரம்பித்ததும் பேனாவைப் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க, கேஸ் போட்டிருக்கேனே, அதை எழுதலீங்களா?”

பிரீமியம் ஏறும் என்றேன். ஏறட்டும் என்றார். ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும், அலைச்சல் என்றேன். ஏற்றியாகிவிட்டது என்று எடுத்தே காட்டினார். வேறு வழியில்லாமல் ‘ஆமாம்’ என்று எழுதினேன். அந்த எழுத்து பழக்கமில்லாததால் கோணலாக விழுந்தது. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு டீயை நகர்த்தினார்:

“ஊருல பொய் சொல்லச் சங்கடப்படுறவங்கள பாத்திருக்கேனுங்க. உண்மைக்கு இம்புட்டு சங்கடப்படுறது நீங்கதானுங்க.”

மிளகுக்குக் கீழே

மலைமேல் பைல் நாட்டுப் பகுதி விவசாயி பெரியசாமியின் பிக்கப் வண்டி, மரவள்ளிக் கிழங்கு லோடோடு ஒரு வளைவில் சாய்ந்துவிட்டது. அவருக்குச் சிராய்ப்பு, வண்டிக்குப் பாதி உயிர் போய்விட்டது. கிழங்கு கூடுதலாகப் பிடிப்பதற்காக இரண்டு பக்கமும் பலகை வைத்து உயர்த்தியிருந்தார். அந்தச் சுமைதான் சாய்த்தது என்பது எல்லோருக்கும் தெரியும். சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயரை அனுப்புவதாகச் சொன்னதும் நான் பெரியசாமியிடம் போனில், “வண்டி கம்பெனி குடுத்தபடி இருந்தா நல்லது” என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். பங்காளிகள் ஒன்றுகூடி ஒரே காலையில் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள்.

சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. கிளம்பும்போது வாசலில் காயும் மிளகைப் பார்த்து, வீட்டுக்குக் கொஞ்சம் வாங்கிப்போகலாம் என்று கைநிறைய அள்ளினார். அள்ளிய இடத்தில் மஞ்சள் பெயின்ட் தெரிந்தது. இன்னொரு கை அள்ளினார். வண்டி நம்பர் முழுசாக வந்துவிட்டது. கழற்றிய பலகைகள் மேல்தான் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சும்மா கிடக்கும் நல்ல பலகையை வீணாக்க அந்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. பெரியசாமியின் மனைவி செல்லம்மா புருஷனை முறைத்தார்:

“நம்பர் இருக்கற பக்கம் கீழ போகட்டும்னு நான் அப்பவே சொன்னேனுங்க.”

யார் கையெழுத்து

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. மாற்றத்தை மறைத்ததால் கிளெய்ம் தள்ளுபடி. பெரியசாமி அந்தக் கடிதத்தோடு பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். வண்டி பட்டறையில் கிடக்கிறது, தோண்டின கிழங்கு காட்டிலேயே கெட்டுப்போகிறது, வாடகை வண்டி பிடித்தால் கிழங்கு விலை அதற்கே சரியாகப்போகும். இந்த வண்டி எழுந்திருக்காவிட்டால் அடுத்த பட்டத்துக்குக் கிழங்கு நடவே முடியாது என்றார். நான் எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன்: “உண்மைய மறைக்கலாமாங்க?”

அவர் கோபப்படவில்லை. விண்ணப்ப நகலை விரித்து ஒன்பதாவது கட்டத்தில் விரல் வைத்தார். “கீழ கோணலா இருக்குறது நான் போட்ட கையெழுத்துங்க. இந்த ‘இல்லை’ மட்டும் முத்து முத்தா இருக்குதுங்களே, இது யாருதுங்க?” எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு எழுத மேசை இல்லை. அவருடைய வண்டிப் பலகை மேல் விண்ணப்பத்தை வைத்து, அந்தப் பலகை இல்லை என்று எழுதியவன் நான்தான். வெட்கமாக இருந்தது. “பலகைய நீங்க அன்னைக்கே பாத்தீங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க போதும்” என்றார். எழுதினால் என் ஏஜென்சி போய்விடும் என்றேன். உட்கார்ந்து எழுதக்கூட வசதியில்லையே என்று வேறு உளறிவைத்தேன். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்:

“‘இல்லை’ன்னு எழுத அந்தப் பலகை ஆச்சுதுங்களே. ‘ஆமா’ன்னு எழுதறதுக்கும் அதையே தூக்கிக்கிட்டு வாரட்டுங்களா?”

எழுதிக் கொடுத்துவிட்டேன், சக ஏஜென்ட்டுகளே: என் தொழிலில் நான் எழுதிய இரண்டாவது ‘ஆமாம்’ அது, இப்போது பெரியசாமியின் கிளெய்மோடு சேர்ந்து என் ஏஜென்சியும் விசாரணையில் இருக்கிறது.