காலையில் கூப்பிடுகிறவள்

எங்கள் தெருச் சங்கம் ஒரு முதலையால் தொடங்கியது. எங்கள் ஒழுங்கை வாவிக்கரையில் போய் முடிகிறது. அந்த முடிவில்தான் எல்லோரும் குப்பை கொட்டுவார்கள். கோழிக்கழிவு மணத்துக்கு முதலை ஏறி வரும். ஒரு நாள் பட்டப்பகலில் ஒரு வீட்டு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சொல்ல வேண்டிய இடங்களில் சொல்லிப் பார்த்தோம், அசைவில்லை. கடைசியில் நாங்களே கூடிக் கம்பி வலை அடித்துக் கரையை மறித்தோம். குப்பை கிடந்த நிலத்தைக் கொத்திக் கத்தரியும் வெண்டியும் செவ்வரத்தையும் நட்டோம். தெருவிளக்குக்கு அலைந்து அதையும் கொண்டுவந்தோம். ஞாயிறு பின்னேரங்களில் தோட்டத்தில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். கணவர் இறந்து, மகன் கட்டாருக்குப் போன பிறகு, ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தவள் நான்.

கூட்டங்களுக்கு எப்போதும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருகிற ஒரு பெண் இருந்தார். தனியாக இருந்தவர். ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. மழைக்குணம் என்று வராமல் விட்டிருப்பார் என்று நினைத்தோம். அவர் வீட்டுப் படுக்கையில் இறந்து கிடந்ததை நாங்கள் அறிந்தது மணம் வெளியே வந்த பிறகுதான். அடுத்த கூட்டத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. சங்கச் செயலாளர் வங்கியில் வேலை செய்கிற ஒரு இளம் தாய். அவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"தனிய இருக்கிற ஆக்களுக்கு ஒவ்வொரு நாளும் விடியப் போனில ஒரு கோல் எடுத்துக் கேப்பம். ஆர் எடுக்கிற?"

"நான் எடுக்கிறன்," என்றேன். "நானும் தனியத்தானே. விடியவே எழும்பிருவன்."

எல்லோருக்கும் பெரிய நிம்மதி. எனக்கு யார் எடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

அப்படிச் சில வீடுகள்தான் இருந்தன. பழுகாமத்திலிருந்து மகனுடைய வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஒரு பெண், மகன் குடும்பத்தோடு வெளிநாடு போன பிறகு அங்கேயே தங்கிவிட்டார். நான் கூப்பிட்டதும், "என்னகா, அங்கால மழையாமே, வட்டைக்குள்ள தண்ணி நிக்குதாம்," என்று தங்கள் வயல்வெளியின் கதையைத் தொடங்கிவிடுவார். நானும் விடமாட்டேன். ஒரு கேள்வி கேட்டு இன்னும் கொஞ்சம் நீட்டுவேன். அதன் பிறகு பகல் முழுவதும் எனக்குப் பேச யாரும் இல்லை.

வாவி முடிவில் இருந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற நில அளவையாளர், மனைவியை இழந்தவர். நாங்கள் அடித்த கம்பி வலை அவருடைய தோணித்துறையை மறித்துவிட்டது என்று சங்கத்தோடு கோபம். என் அழைப்பை எடுத்து, "உயிரோட இருக்கன்," என்று சொல்லி வைத்துவிடுவார். ஒரு நாள், "ஏன் புள்ள ஒவ்வொரு நாளும் கஷ்டப்படுற? செத்தா மணக்கும். அப்ப வாங்க," என்றார். ஆனாலும் மறுநாளும் எடுத்தேன்.

மாரியில் ஒரு விடியற்காலை, அழைப்புகளை எடுக்குமுன் கிணற்றடிக்குப் போனேன். பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கியது. இடுப்பில் ஏதோ முறிந்ததை உள்ளே கேட்டேன். அதற்குப் பிறகு அசைய முடியவில்லை. போன் வீட்டுக்குள்ளே குசினியில் சார்ஜில் கிடந்தது. தூறல் விழுந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதைத்துக்கொண்டு போவதும், மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவதும் கேட்டன. கூப்பிட்டேன். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நோவை விட, குசினியில் போன் ஒரு தரம்கூட அடிக்காமல் கிடந்ததுதான் என்னை அழவைத்தது. நான் எடுக்காவிட்டால் யாராவது எடுப்பார்கள் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெயில் ஏறவேண்டிய நேரம் கழிந்தபின் கேற் திறக்கும் சத்தம் கேட்டது. குடையும் பிடித்து, தெத்தித் தெத்தி அந்த அளவையாளர் வந்தார்.

"என்ன, இண்டைக்குக் கோலைக் காணல்ல?" என்று கேட்டுக்கொண்டே பின்வளவுக்கு வந்தவர் என்னைக் கண்டு நின்றுவிட்டார். "அசையாத. அப்பிடியே கிட."

தூக்க அவரிடம் பலம் இல்லை. குடையை என் மேலே பிடித்துக்கொண்டு, தெருப்பக்கம் திரும்பிக் கத்திக்கொண்டே நின்றார். அவர் நனைந்துகொண்டிருந்தார்.

"ஒரு கோல் எடுத்துப் பாத்திருக்கலாமே ஐயா," என்றேன்.

"எனக்கு எடுக்கத் தெரியா புள்ள. வந்தாக் கதைக்க மட்டும்தான் தெரியும். போனையே பாத்துக்கொண்டு இருந்தன். வரல்ல. மறுகாத்தான் வெளிக்கிட்டு வந்தன்."

ஓட்டோக்காரர் ஒருவர் ஓடிவந்தார். இன்னும் ஆட்கள் வந்தார்கள். ஒரு கதவைக் கழற்றி அதில் என்னைக் கிடத்தித் தூக்கியபோதும் அவர் குடையைப் பிடித்தபடியே கூட வந்தார்.

ஆஸ்பத்திரியில் இடுப்புக்குக் கம்பி வைத்தார்கள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, போனில் அழுதான். வெல்லாவெளியிலிருந்த தங்கச்சி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மாரி கழிந்து, வயல் வெட்டும் முடிந்த பிறகுதான், ஊன்றுகோலோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அதற்குள் காலை அழைப்பு போனில் ஒரு குழுவாக மாறியிருந்தது. விடிந்ததும் ஒவ்வொருவரும் அதில் ஒரு கட்டைவிரல் படம் போடுவார்கள். வாவி முடிவு வீடு பூட்டிக் கிடந்தது. தகப்பனைத் தனியே விடுவது சரியில்லை என்று மகள் கொழும்புக்குக் கூட்டிப் போய்விட்டாளாம். நான் விழுந்து கிடந்ததைக் கேள்விப்பட்டுத்தான் அவளுக்கு அந்தப் பயம் வந்ததாம்.

செயலாளரிடம் கொழும்பு வீட்டு நம்பர் வாங்கி அவருக்கு எடுத்தேன்.

"ஆர்?"

சொன்னேன்.

"ஓ. நடக்கிறியா?"

"நடக்கிறன் ஐயா. நீங்க எப்பிடி?"

"மூண்டாம் மாடி. கீழ இறங்க விடுறாங்க இல்ல," என்றார். பின்னால் மகள் ஏதோ கேட்க, போன் கை மாறியது. அப்பாவுக்குக் காது சரியில்லை, அதிகம் கதைக்க வேண்டாம் என்று அவள் மரியாதையாகச் சொன்னாள். நான் பிறகு எடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில், சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்: "எனக்கும் ஆராவது ஒரு கோல் எடுப்பீங்களா? படம் வேணாம். குரல் கேட்டாக் காணும்."

"நான் எடுக்கிறன் அக்கா," என்றாள் செயலாளர்.

எடுக்கிறாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வேலைக்குப் போகிற அவசரத்தில், தெருவின் இரைச்சலுக்குள்ளிருந்து. "அக்கா, சுகம்தானே?" "ஓம் புள்ள." அவ்வளவுதான். அவளைக் குறை சொல்ல முடியாது. சில நாள் மறந்துபோவாள். அப்போது நானே அவளுக்கு எடுத்து, சுகமாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைக்கிறேன்.