கீழ்ப்படியில் ஒரு வாசகி

எங்கள் பிரெஸ்பிட்டேரியன் தேவாலய மண்டபத்தின் விதி இது: படி ஏற இயலாதவர் ஒருவர் இருந்தாலே கூட்டம் கீழ்த்தளத்தில் நடக்க வேண்டும். அதை எழுதிய மூப்பர்களே, புதுக் கம்பளத்தில் தேநீர் சிந்திவிடும் என்று கீழறையைப் பூட்டி, எங்கள் செவ்வாய்க்கிழமை வாசகர் வட்டத்தை மாடிக்கு ஏற்றினார்கள்.

வட்டத்துக்கு ஒரு அம்மா ஹவுன்ஸ்லோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். விமான நிலையத்தில் தரை துடைத்துத் தேய்ந்த முழங்கால்கள். வாசிக்குமுன் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் மூன்று தரம் துடைப்பார். மாடி ஏற முடியாமல் கீழ்ப்படியில் அமர்ந்து புத்தகத்தை விரித்தார்.

"சத்தமா வாசியுங்கோ! இஞ்சையும் ஒருத்தி இருக்கிறாள்!"

நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே, கீழறையைத் திறக்கச் சொல்லி மூப்பர்களுக்கு எழுதினேன். விதி எண், பிரதி, நினைவூட்டல், எல்லாம் முறைப்படி. மூன்றாவது கடிதத்தை அவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

"வடிவா எழுதியிருக்கிறியள் அண்ணை. ஆனா நீங்களும் மேலை இருந்துதானே வாசிக்கிறியள்?"

அடுத்த செவ்வாய் புத்தகத்தோடு படியில் போய் அமர்ந்தேன். அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை. யார்மேல் கோபித்துக்கொண்டு வராமல் நின்றார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

கீழறையைப் பாவிக்கலாம், தேநீர் மட்டும் கூடாது என்று மூப்பர்களின் பதில் வந்தது, ஈஸ்டர் கழிந்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை.